பெரிய காரும் அப்பாவின் இடது முழங்காலும்

பினாங்கு, ஆயர் ஈத்தாம் சாலை.
1943. (ஜப்பான்காரர் கணக்கில் 2603. கடிகாரத்தையும் டோக்கியோ மணிக்குத் திருப்பிவிட்டார்கள். ஆகவே இதைக் காலையில் எழுதுகிறேனா மதியத்தில் எழுதுகிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை.)

நிபோங் திபால் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் பெரிய கிராணி, மரியாதைக்குரிய விநாசித்தம்பி மாமா அவர்களுக்கு மருமகள் அருந்ததி எழுதிக்கொள்வது.

அப்பாவின் இடது முழங்காலை உடைத்தது நீங்கள்தான்.

அந்த நேரத்தில் நீங்கள் நிபோங் திபாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள் என்று தெரியும். இருந்தாலும் உடைத்தது நீங்கள்தான். எலும்பு உடையவில்லை, வீக்கம்தான் என்கிறார் அப்பா. அவர் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர், டாக்டர் இல்லை, அதனால் நான் நம்பவில்லை. மற்றபடி நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகமும் மாமியின் சுகமும் அறிய ஆவல். இதைத் தபாலில் போடவில்லை. தபாலைத் திறந்து படிப்பவர்களுக்கு நம் குடும்பச் சண்டை எதற்கு? பக்கத்து வீட்டுப் பீட்டர் ரயில் வேலையாக உங்கள் பக்கம் வருகிறார், அவர் கையில் கொடுக்கிறேன். படித்ததும் அடுப்பில் போடுங்கள். படிக்காமல் போடாதீர்கள். முன்னே எழுதியவற்றுக்கு அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே வரிசை குழம்பிவிட்டது. ஓய்வு பெற்று வீட்டில் இருந்த அப்பாவை ஜப்பான்காரர் திரும்பக் கூப்பிட்டு, மலேரியாவுக்கு மாத்திரை கொடுக்கும் வேலையில் போட்டது உங்களுக்குத் தெரியும். டவுனிலிருந்து ஆயர் ஈத்தாம் மேட்டுக் கம்பத்துக் கிராமங்கள் வரை அவர் காரில் போக வேண்டும். அதற்காகப் பெட்ரோல் சீட்டும் அரிசியும் தருகிறார்கள். அந்த அரிசி இல்லாவிட்டால் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். நம் சின்னக் காரில் மேடு ஏறும்போது கிளச்சை மிதித்து, கியரை மாற்றி, மறுபடி கிளச்சை மிதிப்பதற்குள் அப்பாவின் இடது கால் நடுங்கத் தொடங்கிவிடும், கார் பின்னால் உருளும், ஒருநாள் உருண்டு போய் ஒரு சீனரின் கடைப் பலகையைத் தொட்டு நின்றது, அவர் அப்பாவைத் திட்டியதில் எங்களுக்கு விளங்காத சொற்கள்தான் அதிகம், விளங்கிய சொற்களை நான் இங்கே எழுத முடியாது. அந்தச் சமயம் பார்த்துத்தான் உத்தரவு வந்தது: வயதானவர்கள் ஜப்பான் அதிகாரிக்கு முன்னால் காரை ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் காரும் போகும், வேலையும் போகும். அந்தச் சமயம் பார்த்துத்தான் நீங்களும் வந்தீர்கள்.

அன்றைக்கு நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"உனக்கு வயது போட்டுது, தியாகராஜா. கிளச் எல்லாம் இளம் பெடியங்களுக்கு. என்னட்ட இருக்கிற பெரிய காரில கிளச்சே இல்லை. கியர் தானே மாறும்."

"தானே எண்டால்?" என்றார் அப்பா.

"தானே எண்டால் தானே! ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சின்னப் பிடி இருக்கு. எந்தக் கியர் வேணுமோ அதில முதலே தள்ளி வைச்சிட வேணும். பிறகு வேணுமெண்ட நேரம் இடது காலால ஒரு மிதி. அவ்வளவுதான். அரசாங்கக் கந்தோர் மாதிரியடா. முதல்ல விண்ணப்பம், பிறகு உத்தரவு."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அரசாங்க உத்தியோகம் பார்த்த மனிதருக்கு இதைவிட இனிப்பான வார்த்தை உண்டா? நான் மட்டும், "அதுக்கும் இடது கால்தானே வேணும் மாமா?" என்று கேட்டேன். "பிள்ளை, நீ உள்ள போய்த் தேத்தண்ணி போடு" என்றீர்கள். தேத்தண்ணி வந்தது. பதில் வரவில்லை. காரை எங்கே வாங்கினது என்று அப்பா கேட்டார். "உனக்குக் காரோ வேணும், கதையோ வேணும்?" என்றீர்கள். சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள், உங்களுக்குத் தலைக்குமேல் வேலை என்றீர்கள். யாரைப் போகச் சொல்வது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று நான் கேட்டேன். இன்னொரு தேத்தண்ணி கேட்டீர்கள்.

கடைசியில் சின்னக் காரை நீங்கள் எடுத்துக்கொண்டு போனீர்கள், பெரிய கார் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே முன்பலகையில் பிள்ளையார் படம் ஒன்று நன்றாக ஒட்டியிருந்தது. நீங்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டு, "செல்வநாயகி, என்ன செய்தாலும் இவரை மட்டும் கழட்டிப்போடாதை" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். தன் அண்ணனுக்கு இவ்வளவு பக்தி வந்துவிட்டதே என்று அம்மா அழுதே விட்டாள். இந்தக் காரை ஓட்டிப் பழகிய அய்யாக்கண்ணுவை அடுத்த வாரமே அனுப்பி அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்கிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனீர்கள். அய்யாக்கண்ணு வரவில்லை. பீட்டரிடம் கேட்டு அனுப்பினேன்: காய்ச்சல் என்றீர்கள். மறுபடி கேட்டேன்: காய்ச்சல் விட்டது, களைப்பு என்றீர்கள். மறுபடி கேட்டேன்: மாமியார் செத்துப்போனார், அதற்குப் போயிருக்கிறான் என்றீர்கள். சரி, ஒரு மனிதனுக்கு இவ்வளவு துன்பம் ஒன்றாகவா வரும் என்று நாங்களும் பரிதாபப்பட்டோம்.

ஆள் வரவில்லை என்பதற்காக அம்மா விடுவாளா? கோவிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்காமல் புதுக் காரை ஓட்டக் கூடாது என்றாள். ஓட்டாமலே பக்கத்துக் கோவில் வாசல்வரை காரைத் தள்ளிக்கொண்டு வந்தாயிற்று, நாலு சக்கரத்துக்கு முன்னாலும் பழம் வைத்தாயிற்று, ஐயர் மணி அடித்தாயிற்று, அப்பா பிடியை முதல் கியரில் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னப்பா?" என்றேன். "விண்ணப்பம் குடுத்தாச்சுப் பிள்ளை. மேலிடம் யோசிக்குது" என்றார். யோசிக்கட்டும் என்று பெட்ரோலை மிதித்தார். மாமா, இந்தக் காரில் புதிய விண்ணப்பம் போட்டாலும் மிதிக்கும்வரை பழைய உத்தரவுதான் செல்லும். பழைய உத்தரவு பின்னால் போ என்பது. ஏனென்றால் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது நீங்கள் பின்கியரில் விட்டுப் போயிருந்தீர்கள். பிள்ளையார் கோவில் வாசலில், எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, கார் கம்பீரமாகப் பின்னால் போய் ஐயருடைய சைக்கிளின் மேல் ஏறி நின்றது. டயர் கிடைக்காத காலத்தில் ஒரு சைக்கிளைக் கொல்வது என்ன பாவம் என்று ஐயர் சாஸ்திரப்படி விளக்கினார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கவில்லை. ஊறுகாய் போட்டோம்.

அதன் பிறகு சூலியா தெருவில் பட்டறை வைத்திருக்கும் சிக்கந்தரிடம் போனோம். அவர் காரைச் சுற்றி வந்து, கீழே குனிந்து, நிமிர்ந்து, "இது சொகுசுக் கெரேத்தாலா! வயசானவங்களுக்குன்னே செஞ்சிருக்கான் வெள்ளக்காரன்" என்றார்.

"கால் மிதியை எப்படி மிதிக்க வேணும்?" என்றார் அப்பா.

"பூ மாதிரி மிதிங்க டிரசர். சும்மா தொட்டாப் போதும். ஒங்க முட்டிக்கு வலியே தெரியாதுலா."

அப்பா பூ மாதிரி மிதித்தார். பாதி மிதித்தால் அந்த மிதி கழுதைபோல் திருப்பி உதைக்கும் என்று சிக்கந்தருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். உதைத்த உதையில் அப்பாவின் முழங்கால் ஸ்டியரிங்கில் மோதியது, சிக்கந்தர், "ஓ, அப்ப இது வாலிபர் கெரேத்தாபோல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா தன் காலுக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரே வழக்காடல். சின்னக் கார் ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வலிக்கும், ஆனால் சொல்லிவிட்டு வலிக்கும். பெரிய கார் நாள் கணக்காகத் தாலாட்டிவிட்டு ஒரே உதையாக உதைக்கும். வயதானவருக்கு எது நல்லது? அம்மா சின்னக் கார் என்கிறாள். பீட்டர் பெரிய கார் என்கிறார், ஆனால் அவருக்கு இரண்டுமே ஓட்டத் தெரியாது. அப்பா காலையில் ஒன்று சொல்கிறார், மாலையில் ஒன்று. நான் ஓட்டுகிறேன், எனக்கு இரண்டு முழங்காலும் நன்றாக இருக்கின்றன என்றேன். பொம்பிளைப் பிள்ளை, வெளியே சிப்பாய்கள் நிற்கிறார்கள் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். இரண்டு காரில் எது சரி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்படியிருக்கும்போதே சோதனை நாள் வந்துவிட்டது. மருந்துப் பெட்டியோடு நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், அவருக்கும் வயது குறைவில்லை. அப்பா மேடு வருவதற்கு வெகு முன்னாலேயே கீழ்க் கியருக்கு விண்ணப்பம் போட்டுவைத்தார். மேடு வந்ததும் இடது கையால் தொடையை அமுக்கி மிதியைத் தரைவரை தள்ளினார். கார் முனகாமல் ஏறியது. அதிகாரி அசந்துபோய், "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் பாராட்டினார். அதோடு நின்றிருக்கலாம். தானும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அப்பாவை இறங்கச் சொன்னார். அவர் பழைய பழக்கத்தில் கிளச்சை மிதிப்பதுபோல் லேசாக மிதித்தார்.

உதை விழுந்த சத்தம் பின் இருக்கையில் இருந்த எனக்கே கேட்டது. அவர் ஜப்பானியில் அலறினார், பிறகு எங்களுக்கு விளங்கட்டும் என்று மலாயிலும் அலறினார். கார் குலுங்கிய குலுங்கலில், வெள்ளிக்கிழமை தோறும் அம்மா சந்தனம் பூசிப் பூசி ஊறிப்போயிருந்த பிள்ளையார் படம் கழன்று அதிகாரியின் மடியில் விழுந்தது. படம் இருந்த இடத்தில் ஒரு பித்தளைத் தகடு. அதில் ஆங்கிலத்தில் ஒரு பெயர். யார் பெயர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா, மாமா? ஜப்பான்காரர் வருமுன் உங்கள் தோட்டத்தை விட்டு ஓடிய துரையின் பெயர். வெள்ளைக்காரர் விட்டுப்போன சொத்தை ஒளித்து வைத்தவர்களை என்ன செய்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும்.

அதிகாரி தகட்டைத் தட்டி, "இது யார்?" என்றார்.

அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "இந்தக் கால் மிதியைச் செய்தவன், துவான்" என்றார்.

"அவன் எங்கே?"

"ஓடிப்போனான்."

முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அதிகாரி அந்தத் தகட்டை நெடுநேரம் முறைத்தார். அவன் அகப்பட்டால் முதலில் தன்னிடம் கொண்டுவரச் சொன்னார். பிறகு, இந்தக் காரை இந்தக் கிழவர் மட்டும் ஓட்டலாம், வேறு யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு நடந்தே போனார். நொண்டிக்கொண்டு.

ஆக அப்பாவின் வேலை பிழைத்தது. உங்களால் பிழைக்கவில்லை. ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் சின்னக் காரைத் திருப்பி அனுப்புங்கள். அய்யாக்கண்ணுவையும் அதிலேயே அனுப்புங்கள், அதிகாரியின் உத்தரவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பெரிய காரை அவர் வந்து ஓட்டிக்கொண்டு போகட்டும். துரை சொத்தை வைத்து மகிழ்வது உங்கள் வீட்டிலேயே நடக்கட்டும். மாமிக்கு என் வணக்கம். அம்மா உங்களுக்கு ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள். அந்த எலுமிச்சம்பழம்தான். நீங்கள் நீண்ட ஆயுளோடு, இரண்டு முழங்காலோடும், நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
அருந்ததி

பின்குறிப்பு: ஒட்டிய கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டிருப்பேன், வேறு தாள் இல்லை. அதைப் படிக்க வேண்டாம். சின்னக் கார் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாயையும் நான் எடுத்துவிட்டேன்.

கடிதத்தை ஒட்டிவிட்டுப் பீட்டருக்காகக் காத்திருந்தேன். வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். ஃபெரியில் வந்த களைப்பு. கையில் துவைத்து மடித்த காக்கிச் சட்டை.

"டிரசர் ஐயா வீடுங்களா? எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காராம்மா?"

"யாரம்மா?"

"அய்யாக்கண்ணு. நான் அவரு சம்சாரம், காத்தாயி. ஐயாவுக்குக் கெரேத்தா ஓட்டச் சொல்லிக் குடுக்க வந்தாருல்ல? மாத்துச் சட்டகூட எடுத்துக்காம வந்துட்டாரு." பெரிய காரைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தா நிக்குதே தொர காடி! அப்ப அவரு இங்கதான் இருக்காரு."

எப்போது வந்தார் என்று கேட்டேன். "சயாம் லாரி தோட்டத்து லயத்துக்கு வந்துச்சே, அன்னைக்கு அதுலதான் ஏறி வந்தாரு. போனவங்க யாரும் திரும்பலையேன்னு எல்லாரும் அழுதாங்க. கிராணி ஐயாதான் எங்கிட்ட வந்து, நீ ஏம்மா அழுவுற, ஒம் புருசன் சயாமுக்குப் போகல, போற வழியில பினாங்குல எறக்கி விட்டுருவாங்கன்னாரு."

மாமியார் செத்த துக்கத்தைக் கேட்டேன். "எங்கம்மா நல்லாத்தானே இருக்காங்க? புள்ளைங்கள அவங்ககிட்டதான் விட்டுட்டு வந்திருக்கேன்" என்றார்.

துரையின் பெயரை மறைக்கப் பிள்ளையாரை ஒட்டினீர்கள். இந்தக் கார் யாருடையது என்று தெரிந்த மனிதரை மறைக்க லாரி வந்தது. முழங்காலைப் பற்றி நான் இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன்.

காத்தாயி படியில் உட்கார்ந்திருக்கிறார். சட்டையை மடியில் வைத்திருக்கிறார், என்னிடம் தர மாட்டேன் என்கிறார். அம்மா கொடுத்த தண்ணீரையும் குடிக்கவில்லை, அவர் வந்ததும் சேர்ந்து குடிக்கிறேன் என்கிறார். அப்பா காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். பிடியைப் பின்கியரில் தள்ளி வைத்திருக்கிறார், மிதிக்கவில்லை.

பீட்டர் உங்கள் வாசலில் நிற்பார். பதில் இல்லாமல் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தேத்தண்ணி கேட்காமல், கார் கதை கதைக்காமல், ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

அய்யாக்கண்ணு எங்கே?