கொளஞ்சியின் ஜீப்புக்கு லாக்கர்

தை முடிவதற்குள் ஜீப்புக்கு லாக்கர் போட்டே தீருவது என்று கொளஞ்சி முடிவெடுத்தான். அந்த வீட்டில் முடிவெடுப்பது அவன். சரி என்று சொல்வது அவன் பொண்டாட்டி அமுதவல்லி. இதுவரைக்கும் அவன் எடுத்த முடிவுகள் ஏராளம். அவள் சொன்ன சரி ரெண்டோ மூணோ.

லாக்கர் என்றால் நகை வைக்கிறது இல்லை. ஜீப்பு சேற்றில் மாட்டினால் பின்சக்கரத்தில் ஒன்று மட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றும். இன்னொன்று வேடிக்கை பார்க்கும். ஆக்ஸிலில் லாக்கர் போட்டால் ரெண்டும் சேர்ந்து சுற்றும், வண்டி வெளியே வந்துவிடும். மரக்காணத்தில் தன் உப்பளத்துக்குப் போகிற களிமண் பாதையில் கொளஞ்சி மாட்டாத வாரமே இல்லை.

மூன்று மாதமாகப் போனில் அவன் வேறு எதுவும் பார்க்கவில்லை. காற்றடித்து வேலை செய்கிற லாக்கர் ஒன்று. விலையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தான். ரெண்டு சக்கரத்தையும் தனித்தனியாகச் சுற்றவிடுகிற டிப்பரன்ஷியலையே வெல்டு வைத்துவிடுவது இன்னொன்று. செலவு இல்லை, ஆனால் வண்டி ஒழுங்காகத் திரும்பாது, நேராகக் கடலுக்குத்தான் போகணும். ரெண்டுக்கும் நடுவில், தேவைப்படும்போது தானே பூட்டிக்கொள்கிற லாக்கர் ஒன்று, முப்பத்தெட்டாயிரம். மனசு அதில் ஒட்டிக்கொண்டது.

"உருப்படியா இருக்கிறதுலயே இதான் சீப்பு, அமுதா."

"வாங்காம இருந்தா இன்னும் சீப்பு."

"மாட்டினா நீயா வந்து தள்ளப்போற?"

"மாட்டற எடத்துல ஏன் ஓட்டறீங்க?"

"ஞாயித்துக்கெழம நீயே வந்து பாரு. மாட்டின வண்டி தானா வெளிய வந்துடுச்சின்னா லாக்கர் பேச்சே எடுக்க மாட்டேன். வரலன்னா வாங்கிடுவேன்."

"சரி."

இவ்வளவு சுலபமாகச் சரி வந்ததுக்கே அவன் பயந்திருக்கணும். பயப்படவில்லை.

பிரச்சனை வேறு இடத்திலிருந்து வந்தது. அந்த வாரம் வெயில் கொளுத்தி, பாதை அப்பளமாகக் காய்ந்துவிட்டது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆள்கள் போனதும் ஆயில் என்ஜினைப் போட்டு, பாத்திக்குப் போக வேண்டிய உப்புக் கிணற்றுத் தண்ணியைப் பாதையில் திருப்பிவிட்டான். முக்கால் மணி நேரம்.

ஞாயிறு காலை ஜீப்பு அதே இடத்தில் அழகாகப் புதைந்தது. இடது பின்சக்கரம் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது. வலது அசையவில்லை. கொளஞ்சிக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான்.

"பாத்தியா? நான் சொன்னப்ப நம்பல."

அமுதவல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முன்னே பார்த்தாள், பின்னே பார்த்தாள். எல்லாம் காய்ந்து கிடந்தது.

"இங்க மட்டும் ஏங்க ஈரமா இருக்குது?"

"நேத்து தூறல் போட்டுச்சி."

அவள் குனிந்து தேங்கிய தண்ணியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். உப்பளத்துக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். எந்தத் தண்ணியில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நாக்குதான் சொல்லும்.

"நாக்கே எரியுது. இது நம்ம கெணத்துத் தண்ணியாச்சே. தூறல் நம்ம கெணத்துலருந்தா வந்துச்சி?"

கொளஞ்சி கடல் பக்கம் பார்த்தான்.

"பரவால்ல, பேச்சு பேச்சுதான். எறங்குங்க."

அவள் டிரைவர் சீட்டில் ஏறினாள். ரெண்டாவது கியர். ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதித்தாள். சுற்றிக்கொண்டிருந்த இடது சக்கரம் தயங்கியது. வலது சக்கரம் அப்போதுதான் முழித்துக்கொண்ட மாதிரி மண்ணைக் கவ்வியது. ஜீப்பு முனகிக்கொண்டே மேலே ஏறிக் காய்ந்த இடத்தில் போய் நின்றது.

கொளஞ்சி சேற்றைத் தாண்டி ஓடிவந்தான்.

"இதை எங்கடி கத்துக்கின?"

"கிளியனூர்ல, எங்கப்பா டிராக்டர்ல. எந்தச் சக்கரம் சும்மா சுத்துதோ அந்தப் பக்கத்து பிரேக்க மிதிப்போம், மத்தது இழுக்கும். இதுல தனித்தனி பிரேக் இல்ல. அதான் ஹேண்ட் பிரேக்கு."

"அப்ப லாக்கரு?"

அமுதவல்லி நியாயமாகத்தான் யோசித்தாள். "நீங்க ஓட்டினா லாக்கர் வேணுங்க. நான் ஓட்டினா வேணாம். எது சீப்புன்னு நீங்களே சொல்லுங்க."

இருக்கிறதிலேயே சீப்பானதை மூன்று மாதமாகத் தேடியவன் சாவியை அவளிடமே விட்டுவிட்டான். இப்போது அவன் இடது பக்க சீட்டில்தான் போகிறான். உப்பளத்து மூங்கில் கேட்டு வந்தால் இறங்கித் திறக்கிறவனும் அவன்தான்.