கண்ணாடி முகப்புக்காரர்

முகப்புக்காரர் என்றொரு மனித இனம் உண்டு. மலைநாட்டில் முன்பு அரிதாகத்தான் தென்பட்டது. இப்போது பதுளைக் கடைத்தெருவில் நன்றாகவே செழித்திருக்கிறது. இவரை அடையாளம் காண்பது சுலபம். தன் கட்டடத்தை இவர் ஒருபோதும் உள்ளேயிருந்து பார்ப்பதில்லை. தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஹோர்ன் அடிக்கிற பஸ்ஸுக்கும் வழிவிடாமல் நின்றுதான் பார்ப்பார். உள்ளே இருப்பவர்களுக்கு வியர்க்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்பதெல்லாம் அவருடைய இலாகா அல்ல. கட்டடம் பார்ப்பதற்கு. இருப்பதற்காகவா கட்டுகிறார்கள்?

சூட்டை இவர் செலவு செய்து உள்ளே வரவழைப்பார். பிறகு அதைவிடக் கூடுதலாகச் செலவு செய்து வெளியே துரத்துவார். இடையில் ஓய்வு கிடைக்கும்போது, “காலம் கெட்டுப்போச்சு, உலகமே சூடாகிட்டு வருது” என்று வருத்தப்படுவார். உலகம் சூடாகிக்கொண்டு வருவது உண்மைதான். அதற்குத் தன் கடையில் இவர் தனியாக ஒரு வாசல் வைத்துக் கொடுத்திருக்கிறார் என்பதும் உண்மைதான்.

ஸப்வான் முதலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மனிதர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடைத் துணியைச் சும்மா கொடுப்பவர். மனைவி காமிலா சொல்வதை ஒருநாளும் மறுத்துப் பேசாதவர், காமிலா பேசி முடிக்கும்வரை.

அவருடைய துணிக்கடை தடித்த சுவரும், ஓட்டுக்கூரையும், முன்னால் நீண்ட தாழ்வாரமும், வாசலில் ஒரு மாமரமுமாக இருந்தது. அழகு என்று சொல்ல முடியாது. ஓடு ஒழுகியது. மழை பிடித்தால் சேலைக் கட்டுகளை இடம் மாற்றி மாற்றியே வேலையாட்களுக்கு இடுப்பு விட்டுப்போகும். எனவே திருத்த வேலை தேவைதான், அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் ஓடு மாற்ற நினைத்த மனிதர் இடையில் கொழும்புக்கு ஒரு கலியாணத்துக்குப் போய்வந்துவிட்டார்.

“அங்க எல்லாக் கடையும் கண்ணாடி, காமிலா. மேலருந்து கீழ வரைக்கும் ஒரே கண்ணாடி. ரோட்டுல போற ஆளுக்கு உள்ளுக்கு ஈக்கிற சாமான் எல்லாம் அப்பிடியே வெளங்குது.”

“வெயிலுக்கும் வெளங்குமே. நம்மட கட மேக்கப் பாத்தல்லவா ஈக்குது?”

“பதுளையில என்ன வெயில்? இது குளிர் ஊர்.”

இது முகப்புக்காரர்களின் மூல மந்திரம். ஊர் எவ்வளவு மாறினாலும் மந்திரம் மாறாது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்வார்கள்.

வேலை தொடங்கியது. ஓடு போய்த் தகரம் வந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க எடுப்பாக இருக்கும் என்று அதற்குக் கருஞ்சிவப்புச் சாயம் அடிக்கப்பட்டது. முன் தாழ்வாரம் கடையின் நெற்றியை மறைக்கிறது என்று இடிக்கப்பட்டது. மாமரம் பெயர்ப்பலகையின் பின்பாதியை மறைத்தது. பாதிப் பெயரோடு உயிர்வாழ எந்த முகப்புக்காரரால் முடியும்? அதையும் வெட்டினார்கள். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி; ஓர் அங்குலம்கூடத் திறக்காத கண்ணாடி. மேலே புதிதாகத் தையல் அறை. தகரத்தின் கீழே ஆறு பெண்கள் இருந்து ரவிக்கை தைக்க வேண்டிய அறை அது.

“மேல ஒரு சீலிங் அடிச்சு, காத்துப் போக வழி வச்சா நல்லது முதலாளி” என்றார் மேசன் பாஸ்.

“மேல யாரு பாக்கப்போறாங்க?”

பங்குனி மாதம் வந்தது. பின்னேரம் தொடங்கியதும் வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்து, வாடிக்கையாளர் இருக்கைகளில் உட்கார்ந்து, கடை சாத்தும்வரை எழுந்திருக்கவில்லை. அப்புத்தளையிலிருந்து ஸ்வெட்டரோடு வந்த பெண்கள் வாசலிலேயே அதைக் கழற்றி, சேலை பார்க்காமலே திரும்பினார்கள். வெயிலுக்குப் பேர்போன மொனராகலையிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய கமக்காரர் ஒருவர் உள்ளே ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, “நம்ம ஊரே தேவல” என்று சொல்லிவிட்டுப் போனார். மொனராகலைக்காரர் ஒருவரிடமிருந்து பதுளை இப்படியொரு சொல்லைக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். கண்ணாடியோரப் பொம்மை உடுத்தியிருந்த சிவப்புப் பட்டு, வெயில்பட்ட பக்கம் ரோஸ் நிறமாகிவிட்டது. முதலாளி தளரவில்லை. அதை ‘டபுள் ஷேட்’ என்று விற்றார்.

பிறகு ஏசி வந்தது. அது போதவில்லை என்று இன்னொன்று வந்தது. அவற்றின் வெளிப்பெட்டிகளைச் சந்துப் பக்கச் சுவரில் மாட்டினார்கள். சந்துக்கு அப்பால் சிவராசாவின் மருந்துக்கடை.

“முதலாளி, உங்கட பெட்டி என்ர யன்னலுக்குள்ள நெருப்பை ஊதுது. மருந்தெல்லாம் பழுதாப் போகப்போகுது” என்று சிவராசா வந்து நின்றார்.

“யன்னல சாத்திட்டு நீங்களும் ஒரு ஏசி போடுங்களேன், ஐயா.”

சிவராசா போட்டார். அதன் பெட்டி ஸப்வான் முதலாளியின் சுவரைப் பார்த்து ஊதியது. அன்று முதல், ஒருவர் வெளியே தள்ளிய சூட்டில் மற்றவர் கட்டடம் காய, காய்ந்ததைக் குளிர்விக்க அவர் இன்னும் கொஞ்சம் முடுக்க, அந்தச் சூட்டை இவர் வாங்கி மறுபடி தள்ள, இரண்டு கனவான்களும் நல்ல அயலவர்களாகப் பரிமாற்றம் செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் சந்து ரொட்டிக்கடை அடுப்பாகிவிட்டது. அங்கே குடியிருந்த பூனைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன.

கீழே விற்பனைப் பிள்ளைகள் குளிரில் காதுக்குத் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள். மேலே தையல்காரிகள் வெந்தார்கள். ஏசிக் காற்று மாடிப்படி ஏறவில்லை, முதலாளியும் ஏறவில்லை. அவர்களில் நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் பெரியாயிதான் ஒருநாள் கீழே இறங்கி வந்தார்.

“மொதலாளி, மேல இருக்க முடியலீங்க. தகரம் தலையில எறங்குதுங்க.”

முதலாளி மனமிரங்கி ஒரு ஃபேன் அனுப்பினார். மறுநாள் பெரியாயி திரும்ப வந்தார்.

“ஃபேன் போட்டா நெருப்பு ஒரே எடத்துல நிக்காம எல்லார் மேலயும் வருதுங்க.”

“அப்ப எல்லாருக்கும் சமமாக் கிடைக்குதுதானே?” என்றார் முதலாளி. அவருக்கு அது நல்ல பதிலாகவே பட்டது. பெரியாயி திரும்பிப் படியேறிப் போனார்.

சித்திரை வருஷப்பிறப்புக்கு முந்திய வாரம். கடையில் கால் வைக்க இடமில்லை. நடுப்பகலில் இரண்டு ஏசியும் முக்கி முனகிக்கொண்டிருந்தபோது ‘டப்’ என்று ஒரு சத்தம். மின்சாரம் போய்விட்டது. தெருவில் மற்றக் கடைகளிலெல்லாம் விளக்கு எரிந்தது. இவருடைய கட்டடம் மட்டும் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டது. கண்ணாடிக்குத் திறக்கத் தெரியாது. கொஞ்ச நேரத்துக்குள் கூட்டம், எடுத்த துணியைப் போட்டது போட்டபடி தெருவுக்கு ஓடியது.

அப்போதுதான் மாடியிலிருந்து பெரியாயியின் குரல் கேட்டது.

“அம்மா! மதுஷா விழுந்துட்டாம்மா!”

காமிலா படியில் ஓடினார். முதலாளி பின்னாலேயே ஓடினார். கட்டி முடித்த பிறகு அவர் அந்த அறைக்குள் நுழைந்தது அன்றுதான். நுழைந்ததும் யாரோ முகத்தில் கொதிநீர்த் துணியைப் போட்டு மூடியதுபோல் இருந்தது. மூச்சை இழுத்தார், உள்ளே போனது காற்றாகத் தெரியவில்லை. வெட்டிப்போட்ட ரவிக்கைத் துண்டுகளுக்கு நடுவே மதுஷா கிடந்தாள். தையல்காரிகளில் ஒருத்தி, இருபது வயதுப் பிள்ளை. தோல் தீயாகச் சுட்டது. கண் திறக்கவில்லை. முதலாளி குனிந்து அவளைத் தோளுக்குக் கீழே பிடித்தார். பெரியாயி காலைப் பிடித்தார்.

கீழே கொண்டுவந்தார்கள். எங்கே கிடத்துவது? கடை இப்போது மேலறைக்குச் சளைத்ததாக இல்லை. தெருவில் உச்சி வெயில். மரம் இல்லை. சந்துக்குள் சிவராசாவின் பெட்டி ஊதிக்கொண்டிருந்தது.

“பின்னறைக்கு!” என்றார் காமிலா.

பின்னறை என்பது துணிப் பொதிகள் அடுக்கும் பழைய அறை. அதைத் தெருவிலிருந்து பார்க்க முடியாது. ஆகவே உடைந்த ஓடுகளை மாற்றியதோடு அதை விட்டுவிட்டார்கள். பொதிகளின் மேல் மதுஷாவைக் கிடத்தி, ஈரத் துணியால் கழுத்தையும் கைகளையும் துடைத்து, விசிறினார்கள். சத்தம் கேட்டு சிவராசா உப்புக் கரைசலோடு ஓடி வந்தார். “கண்ணத் திறக்காட்டி ஆஸ்பத்திரிக்குத்தான்” என்று சொல்லிவிட்டு, முச்சக்கரவண்டி ஒன்றைப் பின்வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். பெரியாயி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முதலாளி சுவரில் சாய்ந்து நின்று, வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார்.

வண்டி வந்து நின்றபோது மதுஷா கண்ணைத் திறந்தாள்.

“கரண்டு வந்துடுச்சாக்கா?” என்றாள்.

முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்தார். தரை குளிர்ந்திருந்தது. தலைக்கு மேலே சுவரும் கூரையும் சேருமிடத்து இடைவெளியால் சிறு காற்று வந்து, கழுத்து வியர்வையைத் தொட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

“காமிலா, இங்க மட்டும் எப்பிடிக் குளிரா ஈக்குது? இங்க என்னத்தப் போட்டீக்கம்?”

காமிலா விசிறுவதை நிறுத்தவில்லை.

“ஒண்டும் போடல்ல. இங்க நீங்க இன்னும் கை வைக்கல்ல.”

மதுஷாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டி, அவளுக்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லும்வரை முதலாளி அங்கிருந்த வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது பெரியாயி பின்வாசலில் காத்திருந்தார்.

“மொதலாளி, இனி நாங்க மேல ஏற மாட்டோமுங்க. மிஷினப் பின்னறையில போட்டுத் தாங்க. இல்லாட்டி நாங்க தோட்டத்துலயே இருந்துக்குறோம்.”

“வருஷத்துக்கு முந்தின வாரத்துல இப்படிச் சொன்னா எப்படி?” என்று கேட்க அவர் வாயைத் திறந்தார். காமிலா அவரைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. அன்று பொழுது சாயுமுன்னே ஆறு தையல் மிஷின்களும் பின்னறைக்கு இறங்கின. ஒன்றை முதலாளியே தூக்கினார்.

வருஷப்பிறப்பு கழிந்ததும் கட்டடம் காமிலாவின் கைக்கு மாறியது. கருஞ்சிவப்புத் தகரத்துக்கு வெள்ளை அடிக்கச் சொன்னார். “ஆஸ்பத்திரி மாதிரி ஈக்குமே” என்று முதலாளி முனகினார். அதன் கீழே சீலிங் அடித்து, சூடு வெளியேற உச்சியில் வழிவிடச் சொன்னார். அதைப் பற்றி முதலாளி ஒன்றும் முனகவில்லை. கண்ணாடியின் மேல்பகுதி திறக்கும் யன்னலாக மாறியது. அதற்கு முன்னால் சாய்வாக ஒரு நிழற்கூரை இறங்கியபோதுதான் அவர் பதறினார். தெருவைக் கடந்து போய்ப் பார்த்தார். கடையின் நெற்றி காணாமற்போயிருந்தது. திரும்பி வந்தார், நிழலில் நின்றார், ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்தார். இரண்டாவது ஏசியைக் கழற்றச் சம்மதித்தது அந்த பிளேன்டீயோடுதான். சந்து கொஞ்சம் ஆறியது. சிவராசா தன் யன்னலைத் திறந்தார்.

பெரியாயி ஓர் உச்சிப் பொழுதில் தனியாக மேலறைக்கு ஏறி, நடுவில் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

“இப்ப இருக்கலாமுங்க” என்றார். மிஷின்கள் மேலே போயின. மதுஷா யன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

முகப்புக்காரர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அந்த இனம் அவ்வளவு லேசில் அழியாது. முகம் துடைக்க ஒரு லேஞ்சி வாங்க வந்தவரையும் ஸப்வான் முதலாளி இப்போது கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போகிறார். “இதுக்கெல்லாம் மூளை வேணும், தம்பி. உலகம் சூடாகுது எண்டு அழுதுகொண்டு ஈந்தா சரியா? நான்தான் பதுளையில மொதல்ல யோசிச்சன்” என்று கூரையைக் காட்டுகிறார், சீலிங்கைக் காட்டுகிறார், உச்சித் துவாரத்தைக் காட்டுகிறார். போன வாரம் மட்டும் மூன்று கடைக்காரர்களும், ஒரு பள்ளி அதிபரும், வங்கிக்காரர் ஒருவரும் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

பெரியாயிதான் பொறுக்க மாட்டாமல் தலையை நிமிர்த்தினார்.

“மொதலாளி, கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. நீங்க எல்லாரும் யன்னல்ல நின்னு பேசுறதுல காத்து வரலீங்க.”

சிரிக்கிறீர்கள். நல்லது. இதை எங்கே இருந்து வாசிக்கிறீர்கள்? வரவேற்பறையிலா? அங்கே ஃபேன் சுழலும், திரைச்சீலை ஆடும், வந்தவர்கள் “ஆகா, நல்ல காத்து” என்று சொல்லும்படியாகவே நாற்காலி போடப்பட்டிருக்கும். சந்தோஷம். ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு மத்தியானம், உங்கள் வீட்டில் சோறு கொதிக்கிற நேரத்தில், அடுப்படிக்குப் போய், அங்கே சமைக்கிற மனுஷி பக்கத்தில், சோறு வடிக்கும்வரை சும்மா நின்றுவிட்டு வாருங்கள். போக வழி தெரியாவிட்டால் வீட்டில் யாரையாவது கேளுங்கள், காட்டுவார்கள்.