எதிரே வந்த ஒத்தை மாமா

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருக்காரர்களின் கல்யாணம், இன்டர்வியூ, கண் ஆபரேஷன், அமெரிக்க விசா எல்லாவற்றையும் ஒரே ஒரு மனிதர்தான் தீர்மானித்துக் கொண்டிருந்தார். அவர் ஜோசியர் இல்லை, கட்சிக்காரர் இல்லை, பெரிய பணக்காரரும் இல்லை. படி இறங்கித் தெருவில் பத்தடி நடப்பார், அவ்வளவுதான். எதிர்ப்பட்ட குடும்பத்தின் அன்றைய காரியம் குட்டிச்சுவர்.

அவர் பெயர் ஒத்தை மாமா. நிஜப் பெயரைக் கரண்ட் பில்லில் ஒருதரம் பார்த்ததாக அம்மா சொல்வாள். கேட்டால் மறந்துவிட்டது என்பாள். வெளியே கிளம்பும்போது ஒற்றைப் பிராமணர் எதிரே வந்தால் போகிற காரியம் உருப்படாது என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. இரண்டு பேராக வந்தால் பாதகமில்லை. மூன்று பேராக வந்தால் என்ன ஆகும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மற்ற ஆண்களுக்கெல்லாம் கூடவே நடக்க மனைவியோ மச்சினனோ இருந்தார்கள். மாமா கல்யாணம் செய்துகொள்ளாதவர். மின்சார ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தனியாகப் பொங்கித் தின்று, தனியாக நடந்தார். போதாக்குறைக்கு ஆறடி உயரம். தெருக்கோடியில் வந்தாலே தெரிந்துவிடும்.

எதிரே வந்துவிட்டால் அதற்குப் பரிகாரமும் உண்டு. வீட்டுக்குள் திரும்பிப் போய் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். அதனால் எங்கள் தெருவில் யாரும் நேராகக் கிளம்பியதே கிடையாது. முதலில் ஒரு தலை வாசலில் எட்டிப் பார்க்கும். இடம், வலம் பார்க்கும். "கிளியர்" என்று சொல்லும். பிறகுதான் குடும்பம் இறங்கும்.

ஆரம்பத்தில் மாமாவுக்கு இது ரொம்ப வருத்தமாகத்தான் இருந்ததாம். முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினால் யாருக்குத்தான் வருத்தம் இருக்காது? ஆனால் அவர் மின்சார ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். தன்னால் ஒரு காரியம் தடைபடும் என்றால் அதற்குப் பெயர் அதிகாரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நாளில் நிலைமை தலைகீழானது. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் முதல் நாளே அவர் வீட்டுக்குப் போய், காலை ஒன்பதிலிருந்து பத்து வரை வெளியே வர வேண்டாம் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. வெறுதே, சும்மா எப்படி உள்ளே உட்கார்ந்திருப்பது, போரடிக்காதா என்று மாமா கேட்பார். இரண்டு அடை, கொஞ்சம் அவியல் இருந்தால் பொழுது போகும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். முகூர்த்த நாட்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிந்து நான் பார்த்ததில்லை.

அடைக்கு மசியாதவர் எங்கள் தெரு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி. மாமா வீட்டு முன்னால் இருந்த விளக்கு ஆறு மாதமாக எரியவில்லை. மாமா நாலு மனு கொடுத்தார். செக்ரட்டரி அசையவில்லை. ஐந்தாவது மனுவாக மாமா தன்னையே கொடுத்தார். செக்ரட்டரியின் ஸ்கூட்டர் உறுமும்போதெல்லாம் குடையோடு எதிரே நின்றார். செக்ரட்டரி கொல்லைச் சந்து வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் அங்கேயும் நின்று மணி என்ன என்று கேட்டார். பெண்ணுக்கு வரன் பார்க்க நாகர்கோவில் போக வேண்டிய செக்ரட்டரி ஒரே காலையில் ஐந்து தடவை தண்ணீர் குடித்தாராம். சாயங்காலம் விளக்கு எரிந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்த வருஷம். எனக்குப் பெங்களூரில் சட்டம் படிக்க வேண்டும். அப்பாவுக்கு நான் நடந்து போய் நடந்து வருகிற தூரத்தில் பி.காம். படிக்க வேண்டும். பெங்களூருக்கு எதிராக அப்பா எடுத்து வைத்த வாதங்கள் இரண்டு: ஒன்று, பெண் குழந்தை. இரண்டு, அங்கே சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். எனக்கு எப்படியும் கிடைக்காது என்ற நம்பிக்கையில் நுழைவுத் தேர்வு மட்டும் எழுத விட்டார். முதல் லிஸ்டில் என் பெயர் வரவில்லை. பாவம் குழந்தை என்று சொல்லிக்கொண்டே அப்பா அன்று இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டாவது லிஸ்ட் வியாழக்கிழமை வரும். உள்ளூர்க் காலேஜில் சேரக் கடைசி நாள் புதன்கிழமை, மூன்று மணி. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் அங்கே கொடுத்துவிட்டால் அவ்வளவுதான், திரும்பி வாங்குவதற்குள் பெங்களூர்க் கதவு மூடிவிடும். ஒரே ஒரு நாள் தள்ளிப்போக வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் ஒத்தை மாமா வீட்டுப் படியேறினேன். கையில் அடைகூட இல்லை.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு மாமா, "நாளைக்கு நான் வெளியே வரப்படாது, அதானே?" என்றார்.

"இல்லை மாமா. வரணும்."

இப்படி ஒரு விண்ணப்பம் அவருக்கு வந்ததே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரெண்டாவது லிஸ்டிலும் பெயர் வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். அப்போது இதுவும் இல்லை, அதுவும் இல்லை, ஒரு வருஷம் வீட்டில்தான் என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "அப்பா எத்தனை மணிக்காக்கும் கிளம்பறது?" என்றார்.

புதன்கிழமை ஒன்பதரை. அம்மா எட்டிப் பார்த்து கிளியர் என்றாள். அப்பா சர்டிபிகேட் பையோடு என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கினார். மாமா எதிரே வந்தார். தண்ணீர். பத்தேகால், மறுபடி கிளியர். பக்கத்து வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு மாமா வந்தார். தண்ணீர். பதினொன்றுக்குக் கொல்லைப்புறமாகப் போனோம். மாமா சந்தில் நின்று பப்பாளி மரத்தை ஆராய்ந்து கொண்டிருந்தார். அப்பா போன் போட்டு, "அண்ணா, ஒரு பத்து நிமிஷம் உள்ளே இருக்கப்படாதா?" என்று கெஞ்சினார். அது எப்படி முடியும், இன்றைக்கு டாக்டர் நிறைய நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றார் மாமா. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறந்தது. ஒன்றரை வரை அப்பா கூடத்தில் கூண்டுப்புலி மாதிரி நடந்தார்.

ஒன்றரைக்கு அப்பா மூளையை உபயோகித்தார். ஆட்டோவை வாசலோடு ஒட்டி நிறுத்தச் சொல்லி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஏறினார். பார்த்தால்தானே சகுனம்? தெரு முனைகூடத் தாண்டவில்லை, ஆட்டோ நின்றது. அப்பா கண்ணைத் திறந்தார். குடையை நீட்டிக்கொண்டு நடுத்தெருவில் மாமா.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மாமா பதறவே இல்லை. வழியில் இருக்கும் கிழக்கேகோட்டை வரை தானும் வருவதாகவும், உள்ளே ஏறிவிட்டால் தான் ஒற்றை இல்லை, அதனால் தோஷமும் இல்லை என்றும் சாஸ்திரம் சொல்லி, அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தார். அப்பாவுக்கு அந்த நியாயம் ரொம்பப் பிடித்துவிட்டது. பழவங்காடிக் கணபதி கோவில் வந்ததும், இத்தனை தடங்கலுக்குப் பிறகு பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்கூட உடைக்காமல் போவதா என்று மாமா கேட்டார். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு மாட்டேன் என்று பதில் சொன்னவன் கிடையாது. மாமா ஒவ்வொரு தேங்காயாகத் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், குடுமியைப் பிடித்துப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவன்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டான். காலேஜ் வாசலுக்குப் போனபோது மணி மூன்று பத்து. ஆபீஸ் ஜன்னல் சாத்தியிருந்தது.

அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெயர் வராவிட்டால் நானே என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவள். மறுநாள் பதினோரு மணிக்கு லிஸ்ட் வந்தது. கடைசியிலிருந்து மூன்றாவதாக என் பெயர் இருந்தது.

அப்பா கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். ஒரே காரியத்துக்கு ஒருவர் நாலு தரம் குறுக்கே வந்தார் என்றால், அந்தக் காலேஜ் வேண்டாம் என்று தெய்வமே சொல்லியிருக்கிறது என்று முடிவு கட்டினார். நானும் அம்மாவும் எத்தனை வாதம் பண்ணியும் அசையாத மனிதர், சகுனத்துக்கு அசைந்தார். வெல்ல சாம்பாரைக்கூட மன்னித்துவிட்டார்.

கிளம்புகிற நாள் வந்தது. மத்தியானம் ரயில். தெருவே வாசலில் நிற்கிறது. மாமா வீட்டுக் கதவு மட்டும் காலையிலிருந்து சாத்தியிருந்தது, ஜன்னல்கூடத் திறக்கவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. போய்க் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. நல்லபடியாகப் போய்வா, ஆட்டோ முனை தாண்டிய பிறகு நான் வெளியே வருகிறேன் என்றது.

"மாமா, இதையெல்லாம் நீங்க நம்பறேளா?"

"இத்தனை நாள் நம்பினதில்லை, கேட்டியா. மத்தவா காரியம்னா விளையாட்டாக்கும். உன் காரியம்னதும் எனக்கே பயமா இருக்குடி, கொழந்தே."

நீங்கள் எதிரே வந்ததால்தான் நான் போகிறேன், இன்றைக்கும் வராவிட்டால் நான் ஆட்டோவில் ஏறமாட்டேன் என்று அந்தக் கதவிடம் சொல்லிவிட்டு, திரும்பி வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். நேரமாகிறது என்று அப்பா தவித்தார். நான் நகரவில்லை. கதவு திறந்தது. மாமா துவைத்த வேஷ்டி கட்டிக்கொண்டு, திருநீறு இட்டுக்கொண்டு, முதல் தடவையாகத் தயங்கித் தயங்கித் தெருவில் நடந்து வந்தார். தெரு மூச்சுவிடவில்லை. என் முன்னால் வந்து நின்றார். ஏறு என்று கையைக் காட்டினார். ஏறினேன்.

ஐந்து வருஷமும் ஒவ்வொரு லீவு முடிந்து கிளம்பும்போதும் மாமா எதிரே வந்தார். இப்போது அவர் இல்லை. ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மா பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்து கிளியர் என்கிறாள். அந்தக் காலியான தெருவில் இறங்கிப் போக எனக்கு இன்னும் மனசு வரவில்லை.