கோபுரத்துக்கு முதுகு காட்டும் கிளி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
வியாழன் மதியம்

அன்புள்ள முத்துப்பாண்டி அண்ணன் அவர்களுக்கு, தங்கை வெங்கடேஸ்வரி வணங்கி எழுதுவது. ஆண்டாள் கிருபையில் இங்கே கிளியைத் தவிர எல்லோரும் சுகம். போனில் சொன்னால் உங்கள் காதுக்கு எட்டாது என்பதால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

இங்குள்ள புது நூலகத்தின் முகப்பில், வாசலுக்கு மேலே மாட்ட, நான் வரைந்த எட்டடிச் செம்புக் கிளியைத் தேர்ந்தெடுத்தார்கள் அல்லவா. ஜாக்கெட்டுக்குப் பூ வரைந்து தானாகப் பழகிய கைக்கு வந்த பாக்கியம் என்று நாற்பத்தெட்டு நாள் நெய்விளக்குப் போட்டேன். நூலக வாசற்படியிலேயே நின்று பார்த்தேன், கோபுரம் வலதுகைப் பக்கம். ஆகவே கிளியும் வலப்பக்கமாக ஆண்டாளைப் பார்த்திருக்கும்படி டிரேசிங் தாளில் வரைந்து, இறகு நூற்றுப் பதினெட்டு என்று நோட்டில் குறித்து, ராஜபாளையத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாண்டிதுரையிடம் கொடுத்தேன். இன்று காலை போய்ப் பார்க்கிறேன், இறகு நூற்றுப் பதினெட்டும் சரி, ஒன்று குறையவில்லை, கிளி மட்டும் இடப்பக்கம் பார்க்கிறது. தாளைப் புரட்டிப்போட்டு வெட்டியிருக்கிறான் அண்ணே. திருப்பி மாட்டவும் வழியில்லை, பின்பக்கம் முழுக்க இரும்புச் சட்டம்.

"கிளி எந்தப் பக்கம் பாத்தா என்னக்கா, பறக்கவா போகுது" என்கிறான். "ஏலே, ஆண்டாளுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்ல, நாளைக்குத் திறப்புவிழாவுல ஊரே பாக்கும்ல" என்றேன். "அப்ப வாலைச் செத்த சின்னதாக்கிருவமா" என்று கேட்டான். வீட்டுக்கு வந்தால் உங்கள் மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே, "பேசாம கோபுரத்தத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கச் சொல்லு" என்கிறார். வாசல் கல்லில் என் பெயரை வேறு வெட்டிவிட்டார்கள், இனி எந்த முகத்தோடு அவள் சந்நிதியில் போய் நிற்பேன்? நீங்கள் சப்-இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனவர். இன்றே வ. புதுப்பட்டியிலிருந்து பஸ் பிடித்துப் பட்டறைக்கு வாருங்கள். ஒன்றும் பேச வேண்டாம், மீசையைத் தடவிக்கொண்டு வாசலில் நின்றால் போதும், விடிவதற்குள் வேறு கிளி செய்துவிடுவான்.

மதினிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரையும் ஆண்டாள் தன் பக்கமே பார்க்க வைக்கட்டும்.

தங்கை,
வெங்கடேஸ்வரி

பி.கு: மேலே உள்ளதை அனுப்பிய பிறகு மனம் கேட்காமல் நூலகம் வரை போய்வந்தேன். இந்த முறை ரோட்டில் நின்று கட்டடத்தைப் பார்த்தேன். கோபுரம் இடதுகைப் பக்கம் இருக்கிறது. அன்று வாசற்படியில் நான் நின்றது கட்டடத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு. அவன் புரட்டி வெட்டிய கிளிதான் ஆண்டாளைப் பார்க்கிறது. ஆகவே நீங்கள் பட்டறைக்கு வர வேண்டாம், நேரே விழாவுக்கு வாருங்கள். ஆனால் உங்கள் பெயரைச் சொல்லிக் காலையிலேயே மிரட்டிவிட்டு வந்திருந்தேனா, பாண்டிதுரை இப்போதுதான் போன் பண்ணினான். "போலீஸ் அண்ணாச்சிய வரச்சொல்லிராதீங்கக்கா, கழுத்த அறுத்துத் தலையத் திருப்பிருதேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். திருப்பி அடித்தால் எடுக்கவில்லை, கட்டர் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. பஸ் ஏறப் போகிறேன். கிளி எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று அவனிடம் போய்ச் சொல்ல வேண்டும்.