மாப்பிள்ளை விட்டுப்போன எலி தேறிய விவரம்

கிணத்துக்கடவு,
வெகுதானிய வருடம், தை மாதம்.

பம்பாயில் மில் மிஷின் வேலை பழகிவரும் சிரஞ்சீவி மாப்பிள்ளை வெள்ளியங்கிரி அவர்களுக்கு, மாமன் நஞ்சுண்டன் மனமார ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உங்கள் மாமியார் சென்னியம்மாளும், மாடு கன்றுகளும் மாசாணியம்மன் புண்ணியத்தில் சௌக்கியம். அவ்விடம் உங்கள் உடம்பையும் என் மகள் சாந்தாமணியின் உடம்பையும் பற்றி இரண்டு வரியாவது அடுத்த கடுதாசியில் எழுதவும். போன கடுதாசி முழுக்க எலியின் உடம்பைப் பற்றியே விசாரித்திருந்தீர்கள்.

தை கடைசி வெள்ளிக்கிழமை நீங்கள் ஊர் திரும்பும்போது உங்கள் மில் துரையும் கூடவே நம் வீட்டுக்கு வருவதாகவும், அவர் சீமையிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து உங்களை நம்பி ஒப்படைத்த ஹாம்ஸ்டர் என்கிற எலியை வாங்கிப்போவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ‘எடை சரியாக இருக்கிறதா, சக்கரத்தில் ஓடுகிறதா, துரை முன்னால் என் மானம் உங்கள் கையில்தான் இருக்கிறது’ என்று கடைசியில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை, கண்ணபுரம் சந்தைக்கு நான் காளை ஓட்டிப்போனால் கூட்டம் தானாக வழிவிடும். அப்பேர்ப்பட்டவன் கையில் ஓர் எலி கெட்டுப்போகுமா? எலி ஓடுகிறது. ஓடுகிறது என்றால் சாதாரண ஓட்டம் இல்லை. ஆனால் அதை அந்த நிலைக்குக் கொண்டுவர நான் பட்ட பாட்டையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பம்பாய்க்குப் புறப்படும் முன் நீங்கள் பெட்டியோடு கொண்டுவந்து வைத்த அன்று எலி என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. செம்பட்டை மயிர், மிளகு மாதிரிக் கண், வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பகலெல்லாம் தூங்கிவிட்டுப் பொழுது சாய்ந்ததும் பெட்டிக்குள் இருந்த அந்தத் தகரச் சக்கரத்தில் ஏறி ஓட ஆரம்பித்தது பாருங்கள், எனக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளை வழியில் வந்த விருந்து, அதுவும் கப்பலேறி வந்த விருந்து. நம் வீட்டுக்கு வந்தவர்களைத் தண்ணீர் குடித்த சொம்பைக்கூட எடுத்துவைக்க விட்டதில்லை. இதைச் செக்கு மாடாகச் சுற்றவிட்டால் நாளைக்கு உங்கள் ஊரில் என்ன பேசுவார்கள்? சக்கரத்தைக் கழற்றிப் பரண்மேல் போட்டேன். உங்கள் மாமியாருக்கு எலி என்றாலே ஆகாது, அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கமாட்டாள். ஆனாலும் விருந்து என்று சொன்னதும் வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றே நிலக்கடலை, எள்ளுருண்டை, தேங்காய்ச் சில் என்று நீட்ட, நான் வாங்கி வாங்கி ஊட்டினேன்.

முதல் வாரத்திலேயே ஒரு சோதனை வந்தது. காலையில் பார்த்தால் எலிக்கு இரண்டு கன்னமும் உப்பிக்கிடக்கிறது. பொன்னுக்கு வீங்கிதான், சந்தேகமே இல்லை என்று சென்னியம்மாள் தன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி நீட்டினாள். எலிக்குக் கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்று பிடிபடாததால் சங்கிலியைப் பெட்டிக்கே மாட்டினேன். சாயங்காலம் வீக்கம் வடிந்திருந்தது, வைக்கோலுக்கு அடியில் கடலை குவிந்திருந்தது. வாய்க்குள்ளேயே பை வைத்துத் தீனியைச் சேர்த்துவைக்கும் பிராணியாம். அதன் சிக்கனம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மார்கழி பிறப்பதற்குள் எலி இரட்டிப்பாகிவிட்டது. நகைக்கடைத் தராசில் வைத்தபோது பத்தர் எடைக்கல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஊரே திரண்டு வந்து பார்த்து, இந்த ஊட்டில் எலியே இத்தனை தாட்டியமாக இருந்தால் மாடு எப்படி இருக்கும் என்று பேசிப்போனது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் எலிக்கு வயிறு தரையில் தேய்ந்தது. நாலடி வைத்தால் மூச்சு வாங்கியது, பிறகு அந்த நாலடியும் நின்றது, கடலையைக் காட்டினால் கண்ணை மட்டும் திறந்தது. பயந்துபோய்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறி, மாட்டு டாக்டர் சத்தியசீலனிடம் போனேன். இந்த இனத்தை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறாராம். இருந்தாலும் புரட்டிப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, சக்கரம் எங்கே என்று கேட்டார். விருந்தாளியை வேலை வாங்குகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

“ஏனுங்க, அது வேலை இல்லீங்க,” என்றார். “காடு மேடெல்லாம் ஓடித் திரியற உசுரைப் பொட்டிக்குள்ள வெச்சிருக்கறீங்க. அதுக்கு மிச்சம் இருந்தது அந்தச் சக்கரம் ஒண்ணுதானுங்க. அதையும் புடுங்கிப்போட்டு எள்ளுருண்டை குடுத்தா, இது மாசி மாசம் பாக்காதுங்க.”

மாப்பிள்ளை, எனக்கு அழுகை வந்துவிட்டது. பாசத்தில் ஓர் உயிரைக் கொல்லப் பார்த்தேனே என்று பஸ்ஸில் திரும்பும்போது அதனிடமே சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். வந்ததும் பரணிலிருந்து சக்கரத்தை இறக்கினால் எலிக்கு அது பற்றவில்லை, முதுகு வில்லாக வளைந்தது. முதுகு நேராக நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், வண்டிச் சக்கரம் செய்யும் நரசிம்மலுவைக் கூப்பிட்டுப் பெரிதாக ஒன்று செய்யச் சொன்னேன். கால் மாட்டிக்கொள்ளாமல் இடைவெளியே இல்லாத பலகை, அச்சுக்கு வண்டி மை, விரலால் தொட்டால் காற்றாகச் சுற்றுகிறது. உங்கள் துரை இதைப் பார்த்தால் சீமைக்கு ஒரு வண்டி நிறைய அனுப்பச் சொல்வார். கடலை நின்றது, எள்ளுருண்டை நின்றது, ஒரு பிடி கம்பும் கொஞ்சம் கீரையும்தான். எலி என்னைப் பார்த்த பார்வை தாங்காமல் நானும் சோற்றுக்கு நெய் விட்டுக்கொள்ளவில்லை. அப்படியும் அது சக்கரத்தின் பக்கம் திரும்பவில்லை. பெட்டியின் மூலையில் ஓர் ஓட்டை போட்டதுதான் அது செய்த ஒரே வேலை. காற்றுக்காகத்தான் போட்டிருக்கும் என்று நான் அடைக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் விளக்கு வைக்கிற நேரம், உள்ளறையில் கடகடவென்று சத்தம். சக்கரம் ஓடுகிறது. கையெடுத்துக் கும்பிட்டேன். அன்று முதல் ஒரு நாள் தவறவில்லை. உடம்பு அப்படியே கரைந்து, பழைய அளவுக்கும் கீழே வந்திருக்கிறது. கொழுப்பு இறங்கியதில் செம்பட்டை மறைந்து மேனி சாம்பல் நிறமாகிவிட்டது. கன்னம் உப்புவதே இல்லை. எல்லாவற்றையும்விட, வால் வந்திருக்கிறது. நல்ல நீளம். உழைக்கிற ஜீவனுக்குத்தான் வால் நீளும், நம் காளைகளைப் பாருங்கள். பத்தர் தராசில் வைக்கலாம் என்றால் கையில் சிக்கினால்தானே. பெட்டியைத் திறப்பதற்குள் வைக்கோலுக்குள் பாய்ந்துவிடுகிறது, அவ்வளவு சுறுசுறுப்பு. ஆகவே தைரியமாகத் துரையைக் கூட்டிவாருங்கள். ஓடுகிற எலியைக் காட்டி உங்கள் மானத்தைக் காப்பாற்றுவது என் பொறுப்பு. சீமையில் வராத வால் கிணத்துக்கடவில் வந்தது என்பதையும் அவருக்கு இங்கிலீஷில் சொல்லுங்கள்.

சாந்தாமணிக்கு அவள் அம்மா முறுக்கு சுட்டு வைத்திருப்பதாகச் சொல்லவும். ரயிலில் பத்திரமாக வந்து சேர வேண்டும், வம்சம் தழைக்க வேண்டும், மில்லில் பெரிய உத்தியோகம் வாய்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மாமன்,
நஞ்சுண்டன்.

பின்குறிப்பு: கவரை ஒட்ட எச்சில் தொடும்போது சமையலறையிலிருந்து சென்னியம்மாள் போட்ட சத்தத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. கம்பு மொடாவுக்குள் கையை விட்டிருக்கிறாள், மெத்தென்று ஏதோ பட்டிருக்கிறது. நான் விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தால், செம்பட்டை மயிர், வால் கிடையாது, இரண்டு கன்னத்திலும் கம்பு, வயிறு முன்னைவிடப் பெரிது. அதே நேரத்தில் உள்ளறையில் சக்கரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னியம்மாள் என்னையே பார்த்தாள். “ஏனுங்க, இது இங்க உக்காந்திருந்தா, அங்க ஓடறது யாருங்க?” என்றாள்.

போய்ப் பார்த்தேன். நம் கொல்லைப்புறத்து எலி. துரையுடையதைத் தூக்கிச் சக்கரத்தில் வைத்தேன், அது உட்கார்ந்து கன்னத்திலிருந்து கம்பை எடுத்துத் தின்றது. அதனால் துரையை வெள்ளிக்கிழமை கூட்டிவர வேண்டாம், சித்திரைக்குத் தள்ளிப்போடுங்கள். அதற்குள் இதையும் ஓட்டிக் காட்டுகிறேன். முடியாது, வந்தே தீருவேன் என்று அவர் சொன்னால், வந்து அவர் எலியைத் தூக்க முடிந்தால் தூக்கிக்கொண்டு போகட்டும். ஓடுகிறதை மட்டும் கேட்கக் கூடாது. அது யாரும் ஒப்படைக்காமல் தானாக என் வீட்டுக்கு வந்து தேறிய எலி, நான் தரமாட்டேன்.