கண்ணாவைப் பார்க்கப் போன கதை

பொறாமை பிடித்தவளுக்குக் காது மிக நன்றாகக் கேட்கும். கேட்டதை விளங்கிக்கொள்வதில்தான் கோளாறு. சேற்றில் நின்று இதைக் கற்றுக்கொண்டவள் நான், ஆகவே என்னை நம்பலாம்.

பத்தாம் ஆண்டில் புவியியலுக்கு ஒரு செயற்றிட்டம் தந்தார்கள். தீவுப்பகுதியின் ஒவ்வொரு சூழலையும் இருவர் இருவராகப் போய்ப் பார்த்து எழுதவேண்டும். நெடுந்தீவுப் புல்வெளி வேறு இருவருக்குப் போய்விட்டது. (குதிரைகளோடு படம் எடுத்துவந்து அவர்கள் காட்டிய எடுப்புக்கு நான் எரிந்தது தனிக்கதை.) எனக்கும் ஜெசிந்தாவுக்கும் கிடைத்தது, ஆழமில்லாத பரவைக்கடல் கரையில் உப்புச் சேற்றில் வளரும் கண்டல் காடு.

ஜெசிந்தா ஊர்காவற்றுறைப் பிள்ளை. தகப்பனுக்குக் கடற்றொழில். அவளிடம் இருந்தவற்றில் நான் பொறாமைப்படாதது ஒன்றுமில்லை. இடுப்பைத் தாண்டும் பின்னல். அச்சடித்ததுபோன்ற எழுத்து. சிரித்தால் கன்னத்தில் ஒரு குழி. கண்ணாடிக்கு முன்னால் நின்று பென்சிலால் குத்திக்கூடப் பார்த்தேன், எனக்கு விழவில்லை.

எங்கள் வீடு வேலணையின் உட்பக்கம். எங்களுக்கு வெங்காயமும் புகையிலையும் தெரியும். கடல் என்றால் சைக்கிளில் மீன் வரும் திசை, அவ்வளவுதான்.

இதற்கிடையில் கண்ணன். எங்கள் புவியியல் ரீச்சரின் மகன், எங்களோடு ரியூசனுக்கு வருபவன். ஒருநாள் மழைக்கு என் சைக்கிளைத் தாழ்வாரத்துக்குள் தள்ளிவைத்தான். அதற்குமேல் எங்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவேண்டிய மிச்சத்தையெல்லாம் நான் ஒருத்தியே யோசித்து முடித்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும், சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் ஜெசிந்தா கொழும்பில் படிக்கும் தன் அக்காவுடன் போனில் கதைத்துக்கொண்டு நின்றாள்.

“ஓமக்கா, நாளைக்கு விடியப் பாலத்தடிக்குக் கண்ணாவைப் பாக்கப் போறன். போன வருசத்தைவிட நல்லா வளந்திட்டுது. அவ்வளவு வடிவு! படம் எடுத்து அனுப்புறன்.”

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நாங்களெல்லாம் கண்ணன் என்று சொல்ல, இவளுக்கு மட்டும் கண்ணாவா? அதிலும் ‘வளந்திட்டுது’! எங்கள் பக்கத்தில் செல்லம் கூடினால் ஆளைக்கூட அஃறிணையில்தான் சொல்வோம். அவ்வளவு செல்லமா? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா? (சொன்னாளாம். ‘புவியியல் ஒப்படைக்குப் படம் எடுக்கப் போவமோ’ என்று கேட்டாளாம். சேறு பட்டால் எனக்குக் கடித்துத் தடிக்கும் என்று நான்தான் மறுத்தேனாம். இதெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வந்தது.)

மறுநாள் விடிய, திருவிழாவுக்குத் தைத்த சட்டையைப் போட்டு, ஆறு பேருக்குக் காணும் பவுடரை முகத்தில் அப்பிக்கொண்டு பாலத்தடிக்குச் சைக்கிளை மிதித்தேன். போட்டி என்று வந்தபின் பாதி அலங்காரத்தில் போக ஏலுமா?

பற்றைகளுக்கு நடுவில் போனை உயர்த்திப் பிடித்தபடி ஜெசிந்தா நின்றாள். குழி விழச் சிரித்துக்கொண்டு நின்றாள் என்பதுதான் தாங்க ஏலாமல் போனது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். நாலைந்து எட்டில் சேறு முழங்கால்வரை என்னைப் பிடித்து நிறுத்தியது. வாயை மட்டும் அதனால் பிடிக்க முடியவில்லை.

“எங்கயடி கண்ணா?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “உனக்கு முன்னாலதானே நிக்குது.”

எனக்கு முன்னால், விழாமலிருக்க நான் பிடித்திருந்த பற்றைதான் நின்றது. “ஒளிச்சு நிக்கிறாரோ? வெளியில வரச் சொல்லு!”

“கண்ணா எப்பிடியடி வெளியில வரும்? வேர் விட்டெல்லோ நிக்குது!”

“வேரும் விட்டாச்சோ? அவ்வளவு தூரத்துக்கு வந்திட்டுதோ? அவனை முதலில கண்டது நானடி!”

“அவனோ? எவன்?”

“கண்ணன்!” என்று நான் போட்ட சத்தத்தில் ஒரு கொக்குக் கூட்டமே எழும்பிப் பறந்தது.

பற்றைக்குப் பின்னாலிருந்து, சேலையைத் தூக்கிச் செருகியபடி, புவியியல் ரீச்சர் வந்தார். ஜெசிந்தாவுக்கு உதவியாக வந்திருந்தாராம்.

“பிள்ளை, நீர் பிடிச்சுக்கொண்டு நிக்கிற மரம்தான் கண்ணா. கண்டலில ஒரு சாதி. கரையில இருக்கிற ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுறவை,” என்றார் ஆறுதலாக. “கண்ணன் வீட்டில நித்திரை.”

இருவருமாக என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். ஒரு செருப்பு வரவில்லை. மானத்தையும் அங்கேயே விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

திரும்பும் வழியெல்லாம் ஜெசிந்தா சிரித்தாள். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தி, “கண்ணன் எண்டா… அந்த நெட்டைப் பொடியனோ? வடிவான ஆளோ? நான் கவனிக்கேல்லையடி,” என்றாள்.

திங்கட்கிழமை ரியூசனில் கவனித்தாள். அவன் அந்தக் கன்னக்குழியைக் கவனித்தான். எனக்கு இரண்டும் நன்றாகத் தெரிகிற இடத்தில்தான் கதிரை கிடைத்திருந்தது.

கோயிலா தேவாலயமா என்று இரண்டு வீடுகளும் இழுபறிப்பட்டு, கடைசியில் அவர்களுக்குக் கலியாணம் நடந்து, இப்போது ஒரு பிள்ளையும் இருக்கிறது. எனக்கும் கலியாணமாகிவிட்டது. என் கணவர் நல்ல மனிதர், அவரில் ஒரு குறையுமில்லை. ஆனாலும் அவர்கள் வீட்டுக்குப் போனால் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.

போகிற ஒவ்வொரு முறையும் ரீச்சர் வந்திருப்பவர்களிடம் என்னைக் காட்டி, “சேத்துக்குள்ள நிண்டு என்ர மகனுக்குச் சம்மந்தம் பேசின பிள்ளை இவதான்,” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் கணவர்தான் எல்லோரையும்விடக் கூடச் சிரிப்பார்.

அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள்ளிருந்து ஜெசிந்தா, “கண்ணா, தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் குடுங்கோ!” என்று புருசனைக் கூப்பிடுவாள். அவனை அப்படிக் கூப்பிடலாம் என்று நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியுமாம்.