துரை வண்டியின் இரண்டு திருகாணிகள்

சங்கிலி மறுபடியும் கழன்று விழுந்தது. பெரிய துரை ஒரு காலைப் புல்தரையில் ஊன்றிக்கொண்டு, கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு, பங்களாப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"செல்லசாமி! என்ன மனுசன் நீ? நேத்துச் சரி பண்ணியாச்சுன்னு சொன்னே. இப்பப் பாரு!"

பின்வராந்தாவிலிருந்து செல்லசாமி ஓடிவந்தான். மஞ்சப்பாறைத் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், ஆறு மாதமாக அவன் மிஷின் பார்க்கும் தற்காலிக பிட்டர். ரோலரோ அடுப்போ எது மக்கர் பண்ணினாலும் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். சீமையிலிருந்து கப்பலேறி, ஹட்டன் ஸ்டேசனில் மரப்பெட்டிக்குள் வந்து இறங்கிய இந்த ரேஸ் சைக்கிளிடம்தான் அவன் காது எடுபடவில்லை.

வராந்தா நாற்காலியில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த துரைசாணி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை ரேஸ், செல்லசாமி. மறக்க வேணாம்."

மறக்க முடியுமா? தோட்டம் முழுக்க அதே பேச்சு. பக்கத்துத் தோட்டத்துத் துரை வாலிபர், கொடிபோல உடம்பு. அவரும் நம்ம துரையும் கினிகத்தேனையிலிருந்து ஹட்டன்வரை, பதின்மூன்று மைல்கட்டைத் தூரம், ஏற்றத்திலேயே சைக்கிள் மிதிப்பதாகக் கிளப்பில் பந்தயம். தோற்றவர் மீசையை மழிக்க வேண்டும். நம்ம துரையின் மீசை சாதாரண மீசை இல்லை. மெழுகு பூசி முறுக்கிய அந்த இரண்டு நுனியும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தெரிந்ததுமே தலைக்கங்காணியின் இடுப்பு தானாக வளையும். ஏதோ இரண்டு கிளாஸ் உள்ளே போன நேரத்தில் துரை தலையாட்டிவிட்டார். துரைசாணி உடனே அதைக் கிளப் புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டாள்.

"சனிக்கிழமைக்குள்ள இது சரியா வரணும்!" துரை வராந்தாவுக்கே கேட்கும்படி முழங்கினார். "இல்லே, நீ ஸ்டோரை விட்டுட்டுக் கவ்வாத்து மலைக்குப் போ!"

 கவ்வாத்து மலையில் தேயிலைச் செடி வெட்ட ஒன்பது வருடம் கத்தி பிடித்தவன் செல்லசாமி. மழை, அட்டைக்கடி, விறைத்துப்போன விரல்கள் எல்லாம் பார்த்தாயிற்று. ஸ்டோருக்குள் வந்த பிறகுதான் தன் தலைக்குள்ளும் ஏதோ இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. அதை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனமில்லை.

அன்று பின்னேரம் பின்வராந்தாவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மிதி பக்கத்தில் பற்சக்கரம் ஒன்றல்ல, இரண்டு. சின்னதும் பெரியதும் ஒட்டி ஒட்டி இருந்தன. அவற்றின் தலைக்கு மேல் சங்கிலியைக் கவ்வினாற்போல ஓர் இரும்புத் துண்டு. சட்டத்தில் இருந்த குட்டிப் பிடியை இழுத்தால், ஒரு கம்பி அந்தத் துண்டை வெளியே இழுத்தது. விட்டால் உள்ளே போயிற்று. இழுத்தான், விட்டான், மறுபடி இழுத்தான். திடீரென்று வாய்விட்டுச் சிரித்தான்.

"என்ன தம்பி, வண்டியப் பாத்துச் சிரிக்கிற?" பங்களா வாசக்கூட்டி ராக்காயி விளக்குமாற்றோடு நின்றாள்.

"அக்கா, இது நம்ம கவை!"

ஸ்டோரில் மேலே ஓயாமல் சுற்றும் நீண்ட தண்டிலிருந்து ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு பெல்ட் இறங்கும். ரோலரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சக்கரம். ஒன்று சும்மா சுற்றும், மற்றது ரோலரை ஓட்டும். பெல்ட்டை ஒன்றிலிருந்து மற்றதற்குத் தள்ள இரண்டு விரல் வைத்த இரும்புக் கவை ஒன்று உண்டு. அதே கவையைக் குட்டியாக்கிச் சைக்கிளில் மாட்டியிருக்கிறான் வெள்ளைக்காரன். செல்லசாமிக்குச் சொந்தக்காரனைச் சந்தையில் கண்ட சந்தோசம்.

"நல்லது தம்பி," என்றாள் ராக்காயி. "ஒண்ணு சொல்லணும். காலைல நான் கூட்ட வரையிலே…"

"இருங்கக்கா, இது மிஷின் சமாச்சாரம்." அவன் மூக்கைக் கவைக்குள் நுழைத்திருந்தான். கவையின் முதுகில் இரண்டு பொடித் திருகாணி. ஒன்று கவை வெளியே எவ்வளவு போகலாம் என்று அளவு வைத்தது. மற்றது உள்ளே எவ்வளவு வரலாம் என்று வைத்தது. வெளி ஆணி தளர்ந்திருந்தது. அதனால்தான் கவை சங்கிலியைப் பெரிய சக்கரத்தையும் தாண்டித் தள்ளியிருக்கிறது! அவன் ஆணியை ஒரு சுற்று இறுக்கினான். கையால் மிதியைச் சுற்றி இருபது தரம் மாற்றிப் பார்த்தான். ஒரு தரமும் விழவில்லை.

மறுநாள் புதன்கிழமை, துரை புல்தரையை ஒரு சுற்றுச் சுற்றினார். பிடியை இழுத்தார். சங்கிலி விழுந்தது.

"கவ்வாத்து மலை!" என்று துரை முழங்கினார்.

செல்லசாமி பார்த்தான். இறுக்கிய ஆணி தளர்ந்திருந்தது. இந்தத் தரம் கோபத்தில் இரண்டு சுற்று இறுக்கினான். இப்போது சங்கிலி விழவில்லை. ஆனால் பெரிய சக்கரத்தில் ஏறவும் இல்லை, கரகரவென்று உரசிக்கொண்டே நின்றது. கவை ரொம்ப உயரத்தில் இருக்கிறதோ என்று இறக்கினான், பல்லில் இடித்தது. கொழுந்துத் தண்டு ஒன்றைக் கிள்ளி இடையில் வைத்து, அந்தப் பருமனுக்கு இடைவெளி விட்டான். சரி, கம்பி தொய்ந்திருக்கும் என்று அதை இழுத்துக் கட்டினான். சங்கிலி பெரிய சக்கரத்தில் ஜம்மென்று ஏறியது. அங்கேயே இருந்துவிட்டது. கீழே இறங்கமாட்டேன் என்றது.

துரைசாணி உள்ளே போனதும் துரை மெல்ல வந்து குனிந்தார். "அவசரம் வேணாம், செல்லசாமி. மெதுவாப் பாரு," என்று ஒரு சிகரெட்டும் கொடுத்தார்.

செல்லசாமி அந்தச் சிகரெட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். துரை கத்தினால் பயம். துரை மெதுவாகப் பேசினால் அதைவிடப் பயம்.

வியாழக்கிழமை கம்பியை அளவாக விட்டு, கவையைச் சக்கரத்துக்கு நேராகத் திருப்பி, ஆணிகளை மறுபடி வைத்தான். துரை ஓட்டும்போது கூடவே ஓடிப் பார்த்தான். அப்போதுதான் இன்னொன்று பிடிபட்டது. துரை பிடியை இழுக்கிற அதே நேரத்தில் முழுப் பலத்தோடும் மிதியை மிதித்தார். எப்படிச் சொல்வது? துரையிடம் உனக்கு மிதிக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு ஸ்டோரில் இருந்துவிட முடியுமா?

"துரை, ஸ்டோர்ல கொழுந்து போட்டப்புறம் பெல்ட்டத் தள்ள மாட்டோமுங்க. ரோலர் வெறுமனே ஓடுறப்பதான் தள்ளுவோம்."

"அதுக்கு?"

"பிடிய இழுக்கிற நேரம் காலு சும்மா சுத்தணுமுங்க. துரை நல்லாத்தான் மிதிக்கிறீங்க. துரையோட காலுதான் அவசரப்படுது."

துரைசாணி சிரித்த சிரிப்பில் கம்பளி உருண்டை வராந்தாப் படியெல்லாம் உருண்டது. துரையின் மீசை நுனி இரண்டும் துடித்தன. ஆனால் அவன் சொன்னபடி காலை விட்டுப் பிடியை இழுத்தபோது, சங்கிலி சத்தமில்லாமல் ஏறியது, இறங்கியது. துரைசாணி கைதட்டினாள். துரைக்கு ஏனோ முகம் சுருங்கிவிட்டது.

அன்று கிளம்பும் முன் செல்லசாமிக்கு ஒரு யோசனை. தேயிலைப் பெட்டிக்கு நம்பர் போடும் கறுப்பு மையைத் தொட்டு, இரண்டு ஆணியின் தலைக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டுவைத்தான்.

வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் வெளி ஆணியின் கோடு எங்கேயோ திரும்பிக் கிடந்தது. ஆணி முழுசாக ஒரு சுற்றுக்குமேல் கழன்றிருந்தது.

மத்தியானம் லயத்து வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான். மனைவி நாகலெட்சுமி கேட்டாள்: "என்னங்க, சோறு எறங்கலையா?"

"ஆணி தானாக் கழலுது நாகு. ஆட்டத்துல கழலுது போல."

"நேத்து நீங்க வந்தப்புறம் யாராச்சும் ஓட்டுனாங்களா?"

"இல்லையே. வராந்தாவுல சும்மாதான் நிக்குது."

"ஓடாத வண்டி எப்படிங்க ஆடும்?"

செல்லசாமி நிமிர்ந்து பார்த்தான். அருமையான கேள்வி. யார் என்று யோசிக்கவேண்டிய இடத்தில், பாவம், அவன் எப்படி என்று யோசித்தான். பனி இறங்கி இரும்பு சுருங்குகிறது, வெயில் வந்ததும் விரிகிறது, அதில் ஆணி நழுவுகிறது என்று முடிவு கட்டினான். மிஷின் பைத்தியம் பிடித்தவனுக்கு மனிதர்கள் கண்ணில் படுவதில்லை.

பின்னேரம் ஸ்டோரிலிருந்து ஈயமும் பற்றவைக்கும் கோலும் கொண்டுபோனான். ஆணிகளைச் சரியான அளவில் வைத்து, இரண்டின் தலையிலும் ஒவ்வொரு சொட்டு ஈயத்தை உருக்கி விட்டான். திருப்புளி நுழைகிற வெட்டே தெரியாமல் மூடிப்போயிற்று.

"தம்பி," என்று ராக்காயி மறுபடி வந்தாள். "அந்த ஆணிய…"

"முடிஞ்சுதுக்கா! இனி எமனே வந்தாலும் கழட்ட முடியாது."

ராக்காயி அவனையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கூட்டப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை துரை அவனை ஆள்விட்டு அழைத்தார். குனிந்து அந்த ஈயச் சொட்டுகளைக் கட்டைவிரலால் தடவினார். நகத்தால் சுரண்டினார். 

"இது… நீ செஞ்சதா?"

"ஆமாங்க துரை. ஆயுசுக்கும் அசையாதுங்க."

துரையின் கண் கலங்கியது. ஒரு வெள்ளைக்காரர் தன் வேலையைப் பார்த்துக் கண்கலங்குவதைச் செல்லசாமி அன்றுதான் கண்டான். 

ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் கடைத்தெருவில் திருவிழாக் கூட்டம். பக்கத்துத் தோட்டத்துத் துரை வந்து இறங்கி, முகம் கழுவி, தேத்தண்ணீர் குடித்து, அரட்டையும் அடித்து முடித்தார். அப்புறம் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் நம்ம துரை வளைவில் தெரிந்தார். முகம் பீட்ரூட், மெழுகு உருகி மீசை தொங்கிப்போயிருந்தது. எல்லாரும் துரையைப் பார்த்தார்கள். செல்லசாமி மட்டும் சங்கிலியைப் பார்த்தான். அது சின்ன சக்கரத்தில் மணியாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு தரங்கூட விழலையே!" என்று அவன் கூட்டத்துக்குள் குதித்தான். "பதின்மூணு கட்டை! ஒரு தரங்கூட விழலை!"

துரை அந்தக் குரல் வந்த திசையைத் திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை பெரட்டுக்களத்துக்கு யாரோ ஒரு வெள்ளைக்காரர் வந்தார். மேலுதடு உரித்த கிழங்குபோல வெளுத்திருந்தது. தலைக்கங்காணி சலாம் போட மறந்து நின்றார். அந்த வெள்ளைக்காரர் வாயைத் திறந்த பிறகுதான் துரை என்றே தெரிந்தது.

"செல்லசாமி, நீ இன்னைக்குப் பன்னெண்டாம் நம்பர் மலைக்குப் போ. கவ்வாத்து."

செல்லசாமி ஓர் அடி முன்னே வந்தான். "துரை! சங்கிலி ஒரு தரமும் விழலையேங்க?"

"விழல்லே," என்றார் துரை. 

பங்களாவில் விட்டிருந்த வேலை ஆயுதங்களை எடுக்கப் போனான். கண்ணில் நீர் நின்றது. பின்வராந்தாவில் ராக்காயி கூட்டிக்கொண்டிருந்தாள். சைக்கிள் சுவரில் சாய்ந்து, இரண்டு ஈயச் சொட்டும் பளபளக்க நின்றது.

"அக்கா, நான் என்ன தப்புப் பண்ணுனேன்? ஒண்ணுமே வெளங்கலையே."

"இப்பவாச்சும் என்னக் கேக்கத் தோணுச்சே." ராக்காயி விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "தெனம் விடிய நான் கூட்ட வரையிலே தொரை இங்கதான் குந்திக்கிட்டு இருப்பாரு. சின்னத் திருப்புளி வெச்சு அந்த ஆணியத் திருகிக்கிட்டு."

"துரையா? அவரு வண்டிய அவரேவா?"

"வண்டி ஒடஞ்சு கெடந்தா ரேஸு ஏது? ரேஸு இல்லாட்டி மீசைக்கு என்ன கேடு? கத்துனதெல்லாம் தொரசாணி காதுக்கு, தம்பி."

"இத ஏன்க்கா எங்கிட்டச் சொல்லலை?"

"வாயத் தொறந்தப்பல்லாம் மிஷின் சமாச்சாரம்னு அடச்சிட்டியே."

செல்லசாமி சைக்கிளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஈயச் சொட்டை விரலால் தொட்டபடி கேட்டான்: "அப்ப, அந்தச் சங்கிலி விழுந்துக்கிட்டே இருந்திருந்தா?"

"ரேஸு நின்ன சந்தோசத்துல ஒன்னை நெரந்தர பிட்டராக்கியிருப்பாரு. அதுக்குக் கடுதாசி வெள்ளிக்கெழமையே ரெடின்னு ஆபீஸ் கிளாக்கரய்யாதான் சொன்னாரு," என்றாள் ராக்காயி, விளக்குமாற்றை மறுபடி கையில் எடுத்தபடி. "நேத்துச் சாயங்காலம் தொரை மொகம் மழிச்ச எடத்துல, அந்தக் கடுதாசி கிழிஞ்சு கெடந்துச்சு, மீசையோட சேத்து நான்தான் தம்பி கூட்டி அள்ளுனேன்."